என் காதால் வாங்கிய இயர்போன்

சண்முகம்,

நீ நலமாக இருப்பாய் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ நலமாக இல்லை என்பது பொங்கலுக்கு வந்திருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். மெட்ராசுக்குப் பஸ் ஏறும்போது, நல்ல இயர்போன் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னாய். மின்சார ரயில் இரைச்சலில் பாட்டு சரியாகக் கேட்பதில்லை, வலது காது வேறு கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, அதனால் காதுக்குள் போய் உட்காரும் ரகத்தில், இருப்பதிலேயே சத்தமாகக் கேட்பதாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றாய். நான் தலையை ஆட்டினேன். பஸ் கிளம்பிவிட்டது. ஆட்டிய தலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். இருப்பதிலேயே சத்தமாகக் கேட்பதை வாங்காதே. வாங்கிவிட்டாய் என்றால் காதில் வைக்காதே. முதலில் இதை முழுக்கப் படி. உன் அறையில் இருக்கும் பையன்களுக்கும் படித்துக் காட்டு. இதில் மறைக்க எனக்கு இனி ஒன்றும் இல்லை.

பொங்கலன்று மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். உன் கைக்கடிகாரம் கூவியிருக்கிறது. அந்த மாதிரிச் சின்னச் சத்தமெல்லாம் எனக்கு எட்டாது. உன் அப்பாதான் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "ஏலே, ஒன் வாட்ச்சு செத்த நேரமாக் கத்திக்கிட்டுக் கெடக்கு, அமத்துலே" என்றார். நீ கையைத் தூக்கி, கடிகாரத்தை இடது காதில் வைத்துப் பார்த்தாய். அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்தினாய். சிரித்தாய். உன் அப்பாவும் சிரித்தார். நான் உன் வலது காதையே பார்த்தேன். உன் அப்பா வேலை பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி வெளுக்கும் பட்டறையில். மருந்துத் தண்ணீரில் அவர் கை வெந்து தோல் உரிந்தது, நெஞ்சில் சளி கட்டியது, ஆனால் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மனுஷனுக்குக் கேட்டது, அவர் பெற்ற பிள்ளைக்கு, சொந்தக் கையில் கட்டியிருந்தவனுக்குக் கேட்கவில்லை. மூன்று பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேருக்குக் கேட்கவில்லை. ஒன்று மில் செய்தது. இன்னொன்று நான் செய்தது.

எனக்குக் காது கேட்காது. தன் பெண்டாட்டியிடம் ரகசியம் பேசுவதென்றால் தெருவுக்கே மைக் செட் கட்ட வேண்டும் என்று உன் அப்பா கேலி செய்வார், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் என் வாயால் இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. ரேடியோ கேட்கவில்லை என்றால் பேட்டரி போய்விட்டது என்பேன். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால் ஏதோ யோசனையில் இருந்தேன் என்பேன். நீ முதுகுக்குப் பின்னால் நின்று எதையாவது கேட்டு, பதில் வராமல் என் தோளைத் தொடுவாய். உடனே, "மூஞ்சியப் பாத்துப் பேசுலே, அது என்ன பழக்கம்" என்று அதட்டுவேன். பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையைச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். உன் உதட்டைப் பார்க்காவிட்டால் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது. அதுதான் அந்த மரியாதைப் பாடம்.

மில்லில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிற வேலை. வரிசையாகச் சுற்றும் கதிர்களில் எங்கே நூல் அறுகிறதோ அங்கே ஓடிப்போய் ஒட்ட வேண்டும். அந்த அறைக்குள் நுழைந்தால் சத்தம் காதில் விழாது, நெஞ்சில் விழும். முதல் மாதம் வீட்டுக்கு வந்து படுத்தபிறகும் மண்டைக்குள் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பழகிவிடும் என்றார்கள். பழகியது. காது செத்துக்கொண்டிருந்ததைத்தான் பழகுகிறது என்று சொல்லியிருக்கிறோம். உள்ளே யாரும் பேச முடியாது, வாயசைவும் கைச்சாடையும்தான். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. தோளைத் தட்டினால் மேஸ்திரி வருகிறார். அந்தச் சாடைகளை நீ பள்ளிக்கூடம் போகும் முன்பே கற்றுக்கொண்டாய். தெருமுனையில் நின்றுகொண்டு, பசிக்கிறது என்று கையாலேயே சொல்வாய். சக வேலைக்காரிகளிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஒரு பிள்ளை ஏன் தன் அம்மாவிடம் கையால் பேசக் கற்றுக்கொள்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நாங்கள் காதில் கொஞ்சம் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வோம். மேஸ்திரி கண்டால் பிடுங்கச் சொல்வார். கூப்பிட்டால் கேட்காதாம். பஞ்சு வைக்காத காதிலும் அவர் கூப்பாடு அங்கே விழாது என்பது வேறு விஷயம். அவருக்குத் தப்பித்தால் வாசலில் சோதனை போடுகிறவள் காதைத் திருப்பிப் பார்ப்பாள். மில் பஞ்சு மில்லை விட்டு வெளியே போகக்கூடாது. லாரி லாரியாகப் பஞ்சு வந்து இறங்குகிற ஊர் இது. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் யாருக்குக் காயம் என்றாலும் கட்டுத்துணி நம் தெருவிலிருந்து போகிறது. அப்பேர்ப்பட்ட ஊரில் எங்கள் காதுக்கு ஒரு சிட்டிகைப் பஞ்சு வைத்தால் அது திருட்டு.

வருஷத்துக்கு ஒருமுறை மில்லில் உடம்பு சோதனை நடக்கும். அதில் காது சோதனை எப்படி என்று உனக்குச் சொன்னதில்லை. டாக்டர் ஒரு அட்டையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு மூன்று வார்த்தைகளை மெதுவாகச் சொல்வார். நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். ரயில், மாம்பழம், தண்ணி. எல்லா வருஷமும் அதே மூன்று, அதே வரிசை. புதிதாகச் சேர்ந்தவளுக்கு வேலை கற்றுக் கொடுக்கும் முன்பே இந்த மூன்றையும் கற்றுக் கொடுத்துவிடுவோம். டாக்டரின் அட்டை அசைவது நின்றதும் ஒப்பித்துவிட்டு அடுத்தவளுக்கு இடம் விடுவோம். ஒரு வருஷம் என்ன நினைத்தாரோ, மாம்பழத்தை முதலில் சொல்லிவிட்டார். எங்களோடு வேலை பார்த்த செல்லத்தாய் பழைய வரிசையில் ரயில் என்றாள். அவளைக் கழிவுப் பஞ்சு பொறுக்குகிற அறைக்கு மாற்றினார்கள், அங்கே கூலி குறைவு. என்னமோ அன்று காலையில்தான் அவள் காது போனது மாதிரி எல்லோரும் உச்சுக் கொட்டினோம். அடுத்த வருஷம் மறுபடி ரயில் முதலில் வந்தது. டாக்டருக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? எங்களுக்கு வேலை வேண்டும், அவர்களுக்குக் காகிதத்தில் நல்ல காது வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடிய நாடகம் அது. செவிடானது மட்டும் ஒரு பக்கம்.

இப்படி ஒரு பொய்யைச் சுமந்துகொண்டுதான் உனக்கு இயர்போன் வாங்க வந்தேன்.

நீ அப்போது பத்தாவது முடித்திருந்தாய். உன் சித்தப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த வாக்மேனோடு வந்த பஞ்சு வைத்த ஹெட்போன் ஒடிந்துபோனது. உனக்குப் பாட்டு இல்லாமல் இருக்க முடியாது, அதுவும் ஒரே மாதிரிப் பாட்டு இல்லை. கோயில் நாகஸ்வரம் ஒரு கேசட், உன் பள்ளிக்கூடத்துப் பாதர் பதிந்து கொடுத்த கோரஸ் ஒரு கேசட், சினிமாப் பாட்டு, வயலின், ரேடியோ கடைப் பாய் வீட்டுக் கல்யாணத்தில் பதிந்த கவாலி, ஒரு வார்த்தை புரியாத இங்கிலீஷ் பாட்டு. கேட்க இடம்தான் இல்லை. நம் வீட்டுக்கு இடப்பக்கம் கட்டுத்துணி நெய்யும் தறி, வலப்பக்கம் தறி. சுவரில் மாட்டிய கண்ணாடி நாள் முழுக்க நடுங்கும். வெளிச் சத்தத்தை அடைத்து, காதுக்குள் வலிக்காமல் உட்காருகிற ஒன்று உனக்குத் தேவைப்பட்டது. அதை நீயே எனக்கு விளக்கிச் சொன்னாய். உனக்கு என்ன வேண்டும் என்பதில் உனக்குக் குழப்பமே இல்லை.

நம் இராஜபாளையத்தில் கடை இல்லையா? இருந்தது. மில் ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள், கடையில் காதில் எதையாவது வைத்துத் தடுமாறினால் பேச்சு கிளம்பிவிடும் என்றுதான் டவுன் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த ரேடியோ கடைப் பாயிடம் போனோம். பாய் மூன்று ரகம் எடுத்து வைத்தார். ஒன்று பழையது மாதிரியே பஞ்சு வைத்தது. ஒன்று பித்தான் மாதிரிக் காது மடலில் தொங்குவது. மூன்றாவது, சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்தது, நுனியில் சின்ன ரப்பர் மூடி போட்டுக் காதுக்குள் போவது. அதைத்தான் பாய் உன் பக்கம் நகர்த்தினார். அந்த நேரம் பார்த்து எங்கள் மேஸ்திரி உள்ளே வந்தார். மடவார் வளாகம் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறார், அப்படியே ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார். நெற்றி நிறையத் திருநீறு.

பாய் அவரைக் கவனிக்காமல் என்னிடம், "அக்கா, கேக்கப் போறது தம்பி. அவன் காதுல வெச்சுப் பாருங்க. இந்த ரப்பர் பொருந்திட்டா வெளிச் சத்தம் வராது, சத்தத்தக் கூட்ட வேண்டிய வேலையே இல்ல" என்றார்.

மேஸ்திரி சிரித்தார். "அவளுக்கு எம்புட்டுச் சத்தம் வெச்சாலும் பத்தாது பாய். என்னட்டி, காது இருக்கா போயிருச்சா?"

"எனக்கா? ஊசி விழுந்தாக் கேக்கும்" என்றேன்.

சொன்னதை நிரூபிக்க வேண்டுமே. உன்னிடம் போயிருக்க வேண்டிய ரப்பர் நுனியை வாங்கி என் காதில் சொருகினேன். பாய் ஒரு பாட்டைப் போட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுத்தமாக ஒன்றும் இல்லை. மேஸ்திரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இது சரியில்லை பாய், சத்தமே வரவில்லை, என்று பிடுங்கிப் போட்டுவிட்டுப் பித்தானை எடுத்து வைத்தேன். சத்தம் கூட்டும் சக்கரத்தை நானே திருப்பினேன். கடைசி வரைக்கும் திருப்பியபோது தூரத்தில் யாரோ பாடுவது மாதிரி வந்தது. தாளம் தெரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டே இதுதான் நன்றாக இருக்கிறது என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பாய்க்கே பாட்டு தெளிவாகக் கேட்டிருக்கும். அவர் உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். மேஸ்திரி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகாவது நான் அதை உன் காதில் வைத்துப் பார்த்திருக்கலாம். வைக்கவில்லை. ஒரு முறை சொன்ன பொய்யை ஆள் போனதும் மாற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நீ, "இதே போதும்மா" என்றாய். பாய் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. முதல் ஷிப்டு முடிந்து சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்காருவேன். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இடதுபக்கப் பித்தானை என்னிடம் கொடுத்துவிட்டு வலதை நீ வைத்துக்கொள்வாய். எனக்குக் கேட்கிற அளவுக்குச் சக்கரம் போகும். இரண்டு பேருக்கும் ஒரே வயர், ஒரே சத்தம். எனக்குத் தூரத்தில் யாரோ பாடுவது, உனக்குக் காதுக்குள் நின்று கத்துவது. பாட்டின் நடுவில் நீ என் முகத்தைப் பார்த்து, "அம்மா, பின்னாடி ஒரு சலங்கை வருது பாரு" என்பாய். நான் ஆமாம் என்பேன். ஒரு சலங்கையும் எனக்கு வந்ததில்லை. நீ பாலிடெக்னிக் முடிக்கும் வரைக்கும் அநேகமாக எல்லா நாளும் அப்படி உட்கார்ந்தோம். என் ஆயுசிலேயே நான் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அடிக்கிற அம்மாக்கள் உண்டு, அவர்களாவது பிள்ளை அழுவதைப் பார்த்து நிறுத்துவார்கள். நான் உன் தோளில் சாய்ந்துகொண்டே செய்தேன்.

பொங்கல் முடிந்து நீ போனபிறகு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பாய்க்குத் தலை நரைத்துவிட்டது. அன்றைக்கு எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை பாய் என்றேன். தெரியும் அக்கா என்றார். மில்காரர் நின்றதால் உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை, ஆனால் விற்றது நான்தானே என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பியதால் அதற்கு மேல் சொன்னது எனக்குப் புரியவில்லை. தோளைத் தட்டித் திருப்பி, இப்போது வாங்குவதென்றால் எப்படி வாங்குவது என்று கேட்டேன். அவர் சொன்னதையும் எனக்குத் தோன்றியதையும் எழுதுகிறேன். இதையாவது ஒழுங்காகச் செய்ய விடு.

காதுக்குள் போகிற ரகம்தான் வேண்டும் என்று நீ சொன்னது சரி. அதிலே தப்பு இல்லை. தப்பு, அதில் சத்தத்தைத் தேடுவது. இரைச்சலை அடைக்கத் தெரியாத இயர்போன்தான் சத்தத்தைக் கூட்டச் சொல்லும். நன்றாக அடைக்கிறது என்றால் குறைவாக வைத்தாலே போதும், அதற்காகத்தான் அதை வாங்குவது. கடையில் பாட்டுப் போடச் சொல்லாதே. முதலில் வெறுமனே காதில் வை. தெரு இரைச்சல் கதவைச் சாத்தின மாதிரி அமுங்க வேண்டும். பல்லைக் கடித்துப் பார், அந்தச் சத்தம் மண்டைக்குள் கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மூடி சின்னது பெரியது என்று வரும், எல்லாவற்றையும் போட்டுப் பார். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்று கடவுள் எழுதிக் கொடுக்கவில்லை, ஒன்றுக்குச் சின்னது மற்றதற்குப் பெரியது தேவைப்படலாம். இறுக்கமாக இருந்தால்தான் அடைக்கும் என்று திணித்துக்கொள்ளாதே. வைத்த உடனே எதுவும் வலிக்காது. ஒரு கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடி முடிகிற வரைக்கும் வைத்திருந்து, கழற்றும்போது காது நிம்மதிப் பெருமூச்சு விடவில்லை என்றால் அதுதான் உனக்கானது. வயர் இழுக்கிறதா என்று தலையைத் திருப்பிப் பார். காதுக்கு மேலே சுற்றி விட்டால் இழுக்காதாம்.

பிறகு பாட்டு. கடைக்காரன் டம் டம் என்று அடிக்கிற ஒரு பாட்டைப் போட்டு ஏமாற்றப் பார்ப்பான். உன் கேசட்டுகளைக் கொண்டுபோ. நாகஸ்வரம் மேலே போகும்போது குத்தக்கூடாது. தவில் கூடவே வந்தாலும் அதை விழுங்கக்கூடாது. கோரஸில் நாலு குரல் நாலாகத் தெரிய வேண்டும். வயலின் மெதுவாக இழுக்கும்போது கம்பி உரசுவது தெரிய வேண்டும் என்று நீதான் முன்பு சொல்வாய். ஒன்றை மட்டும் நன்றாகக் காட்டி மற்றதைக் கெடுப்பதை வாங்காதே, உனக்கு ஒரு பாட்டோடு நிற்காது. சக்கரத்தை அடியிலிருந்து மெல்லக் கூட்டிக்கொண்டே வா, பாட்டு புரிகிற இடத்தில் நிறுத்து, அங்கேயே விட்டுவிடு. பக்கத்தில் இருப்பவனுக்கு உன் பாட்டு கேட்டால் நீ உன்னையே அடித்துக்கொள்கிறாய் என்று அர்த்தம். தண்டவாளம் தாண்டும்போதும் ரோட்டில் நடக்கும்போதும் கழற்றிப் பையில் போடு. வெளியே இருப்பதை அது அடைக்கும் என்றால், வருகிற லாரியையும் சேர்த்துத்தான் அடைக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை.

பொங்கலன்று சாப்பிட்டு முடித்து உன் அப்பா வெளியே போனபிறகு, எப்போதிருந்து இப்படி என்று உன்னைக் கேட்டேன். பாலிடெக்னிக்கில் இருக்கும்போதே காதுக்குள் லேசாக இரைச்சல் இருந்தது என்று சாதாரணமாகச் சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். உன் மேலேயே காட்டினேன்.

"அப்பமே சொல்லித் தொலைக்கதுக்கு என்னலே? சத்தத்தக் கொறச்சிருக்கலாம்ல?"

"கொறச்சா ஒனக்குக் கேக்காதுல்லம்மா" என்றாய்.

நீ என் முகத்தைப் பார்த்து, வாயைத் தெளிவாக அசைத்துச் சொன்னாய். எனக்குப் புரிய வேண்டும் என்று. நீ எப்போதுமே அப்படித்தான் பேசியிருக்கிறாய் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. நான் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன், டாக்டரை ஏமாற்றினேன், உன்னையும் ஏமாற்றிவிட்டதாக நினைத்தேன். நான் பித்தானை வாங்கிக் காதில் வைக்கும் முன்பே உன் விரல் சக்கரத்தைத் திருப்பிவிடும். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாட்டுப் பைத்தியம், அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் மில்லில் சோதனை. வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு புதுப் பிள்ளைகள், பதினேழு பதினெட்டு வயது இருக்கும், உதட்டுக்குள் ரயில் மாம்பழம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. அட்டை அசைந்து நின்றது. கேட்கவில்லை சார் என்றேன். டாக்டர் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, நான் உதட்டைப் பார்க்கும்படி, நன்றாகக் கேளும்மா என்று மறுபடி அதே மூன்றையும் சொன்னார். எனக்கு உதவுகிறாராம். உங்கள் உதடு தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதினார். ஒன்றாம் தேதியிலிருந்து கழிவுப் பஞ்சு அறைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் ஏதோ பெரிதாகச் செய்துவிட்டதாக நினைக்காதே. வெளியே வந்ததும் அந்த இரண்டு பிள்ளைகளிடம், காதில் எதையாவது வைத்துக்கொள்ளுங்கள், மேஸ்திரி திட்டினால் திட்டட்டும் என்றேன். அதில் ஒருத்தி, "ஒனக்கென்னக்கா, புள்ள சம்பாதிக்கான்" என்றாள். அவள் சொன்னது நிஜம். நீ வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்த வருஷமும் ரயில் என்று சொல்லியிருப்பேன். யூனியன்காரர் வேறு, போனஸ் பேசுகிற நேரத்தில் காதைப் பற்றிப் பேசிக் குழப்பாதே என்கிறார். அவரும் ஸ்பின்னிங்கில் இருந்து வந்தவர்தான். அவரிடம் இதை இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

மன்னித்துவிடு என்று எழுத நான் கடிதம் தொடங்கவில்லை. மன்னித்துவிடுவாய், அதுதான் எனக்குப் பயம். ஒன்றும் இல்லம்மா, இந்தக் காது போதும் என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு, கடைக்குப் போய் சத்தமானதையே வாங்கிக்கொள்வாய். அதனால் கேட்டுக்கொள்கிறேன். கடைக்குப் போகும் முன் காது டாக்டரிடம் போ. பெரியாஸ்பத்திரியில் மிஷின் வைத்துப் பார்க்கிறார்களாம், அங்கே யாரும் மாம்பழம் சொல்ல மாட்டார்கள். இரண்டு காதையும் காட்டு. எத்தனை வருஷம், எவ்வளவு சத்தம், யாரோடு சேர்ந்து கேட்டாய் எல்லாவற்றையும் சொல். போனது திரும்பாது என்று சொன்னாலும் இடது காது இன்னும் இருக்கிறது, அதைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வா. அவர் என்ன சொன்னாலும், சொன்னது சொன்னபடி எனக்கு எழுது. நேரில் வந்து சொல்லாதே. நேரில் சொன்னால் சிரித்த முகத்தோடு சொல்வாய், நான் அந்த உதட்டைப் பார்த்து நம்பிவிடுவேன். எனக்கு வலிக்கும் என்று ஒரு வார்த்தையைக்கூடக் குறைத்து எழுதாதே. நான் தாங்கிக்கொள்வேன். எனக்காக நீ தாங்கியது போதும்.

அம்மா